ஆறு பத்து வண்டியில் அழுகிய இறால்

அத்தியாயம் 6

"சீ!" என்றேன்.

"இன்னும் வண்டியே வரலை, அதுக்குள்ள இன்னா சீ?" என்றார் ருக்கு மேடம்.

வண்டி வந்தால்தான் அருவருப்பு வர வேண்டுமா? சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பொன்னேரி பிளாட்பாரத்தில் நின்று பாருங்கள், தெரியும். மீஞ்சூர்ப் பக்கம் பாலம் வேலை என்று ரோட்டை மூடி இன்றோடு இருபத்து மூன்று நாள். பஸ் இல்லை, வேன் இல்லை. தச்சூர் வழியாகச் சுற்றிப் போனால் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மத்தியானம் வரை நிற்க வேண்டும். ஆகவே பஸ்ஸில் போன ஜனம், பைக்கில் போன ஜனம், கம்பெனி வேனில் குறட்டை விட்டுக்கொண்டே போன ஜனம், அத்தனையும் இந்த ஒரே பிளாட்பாரத்தில். எச்சில் துப்பாத தூண் ஒன்றுகூடப் பாக்கியில்லை. என் வெள்ளைச் சட்டையில் அதற்குள் யாரோ குடித்த டீ.

என் பெயர் பிரதாப். மருந்துக் கம்பெனி ரெப்பாக இருந்து, டாக்டர்களின் வாசலில் காத்திருந்து வெறுத்துப்போய், ராயபுரத்தில் ருக்கு மேடத்தின் துப்பறியும் ஆபீசில் சேர்ந்தவன். ஆபீசின் மொத்த ஸ்டாஃபும் நான்தான். மேடம் இருபது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் எடுக்காதவன் முகத்தை முந்நூறு பேர் கும்பலில் கண்டுபிடிப்பவர். அந்தத் திறமையை ரயில்வேக்கு மட்டும் கொடுப்பானேன் என்று வேலையை விட்டுவிட்டார்.

எங்கள் பக்கத்தில் தெர்மாகோல் பெட்டியைக் காலால் அணைத்துக்கொண்டு நின்றாளே, அவள்தான் வசந்தா. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரி. புருஷன் போய்விட்டான். அவளுக்கு என்று இருப்பது இறால் வியாபாரமும், காலேஜ் போகும் ஷாலினி என்கிற பெண்ணும்.

ரோடு மூடியதும் வியாபாரி பெரியசாமியின் வேன் நின்றுபோனது. குப்பத்துப் பெண்கள் எல்லாம் அந்த வேனில்தான் இறாலைக் கொடுப்பார்கள். வசந்தா ஒருத்திதான் துணிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி, நேராகத் தண்டையார்பேட்டையில் போய் விற்றாள். அவளைப் பார்த்துப் பதினோரு பெண்கள் கிளம்பினார்கள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, போன வியாழக்கிழமை வரைக்கும்.

வியாழக்கிழமை இதே ஆறு பத்து வண்டியில் ஒரு மஞ்சள் நீராட்டு வீட்டுக்கு வசந்தா இறால் கொண்டுபோனாள். மத்தியானம் விருந்து. சாயங்காலம் இருபத்தாறு பேர் ஆஸ்பத்திரியில். பெண்ணின் தாய்மாமன் சீர்த்தட்டின் மேலேயே வாந்தி எடுத்தாராம். மறுநாள் நான் அந்த மண்டபத்தைப் போய்ப் பார்த்தேன். பார்த்ததை எழுதினால் நீங்கள் இந்தப் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிடுவீர்கள், ஆகையால் எழுதவில்லை. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

சமையல்காரர் ஃப்ரிட்ஜில் மிச்சம் இருந்த இறாலை மேடம் ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். "இது ஏரி எறாவே இல்லை. பண்ணையில நோய் வந்து செத்தது. மருந்துல ஊறப்போட்டு வாடையை அமுக்கிக்கீறான்" என்றார். அப்படியானால் வசந்தாவின் பெட்டியை யாரோ ரயிலிலேயே மாற்றிவிட்டான்.

குப்பம் அதை நம்பவில்லை. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊர்க்கூட்டம். வசந்தாவை ஊர் விலக்கு வைக்கப் போகிறார்கள். யாரும் அவளுக்கு இறால் கொடுக்கக் கூடாது, வீட்டுக்குள் விடக் கூடாது, நல்லது கெட்டதுக்குக் கூப்பிடக் கூடாது. அதற்குள் ஆளைக் காட்ட வேண்டும்.

எங்கள் கையில் இருந்த துப்பு ஒன்றே ஒன்று. வியாழக்கிழமை, கூடை வியாபாரிகள் ஏறும் வெண்டர் பெட்டியில் முறுக்கு விற்ற ஒருவர் சொன்னார்: குரங்குக் குல்லாவும் முகக்கவசமும் போட்ட ஓர் ஆள் அனுப்பம்பட்டில் ஒரு தெர்மாகோல் பெட்டியோடு ஏறினான். அத்திப்பட்டில் ஒரு தெர்மாகோல் பெட்டியோடு இறங்கினான். மொத்தம் மூன்றே ஸ்டேஷன். மூன்று ஸ்டேஷனுக்கு மீன் பெட்டியை உலாத்த அழைத்துப் போகிறவன் எவன்?

"பெரியசாமியோட ஆளு. இதுல யோசிக்க இன்னா இருக்கு மேடம்? வசந்தா பேரு கெட்டா பன்னெண்டு பொம்பளைங்களும் மறுபடி வேனுக்கு வந்துடுவாங்க."

"அப்போ அந்தப் பொட்டியைக் கட்டியிருந்த துணியைச் சொல்லு."

அதுதான் இடித்தது. வசந்தா தன் பெட்டியை ஷாலினியின் பழைய பள்ளிக்கூடத் துப்பட்டாவைக் கிழித்துத்தான் கட்டுவாள். அழுகிய பெட்டியையும் அதே நீலத் துணி, அதே ஓரத் தையலோடு கட்டியிருந்தது. அதனால்தான் அவள் சந்தேகமே படாமல் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"பெரியசாமி அத்த எங்க வாங்குனான், துணிக்கடையிலயா?" என்றார் மேடம். 

வண்டி வந்தது. வந்தது என்றா சொன்னேன்? ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டு வந்தது.

"பொட்டியைக் குடும்மா! ஜல்தி!" என்று வசந்தாவின் அண்ணன் நாகப்பன் பாய்ந்து பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டான். தங்கச்சிக்கு இப்படி ஆகிவிட்டதே என்று இரண்டு நாளாக எங்களோடு சுற்றுகிறவன். வெள்ளிக்கிழமை குப்பத்தில் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்ததும் அவன்தான், அழுததும் அவன்தான். நாலு பேரை இடித்துத் தள்ளி எங்களை வெண்டர் பெட்டிக்குள் சேர்த்துவிட்டான். பெயர்தான் வெண்டர் பெட்டி. வியாழக்கிழமையும் இதே கதிதான். கூடைக்காரப் பெண்கள் ஏற இடமில்லாமல், கம்பெனி ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றி வசந்தாவின் பெட்டியை மட்டும் உள்ளே வாங்கி வைத்தார்கள். அவள் பக்கத்து லேடீஸ் பெட்டியில் தொற்றிக்கொண்டாள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத கும்பலில் அவள் பெட்டி ஒரு மணி நேரம் அநாதையாகக் கிடந்திருக்கிறது.

உள்ளே நான் நின்ற நிலையைச் சொல்ல வேண்டும். வலது காலின் கீழே நசுங்கிய மத்தி மீன். முதுகில் எவனுடைய டிபன் பாக்ஸோ, அதிலிருந்து சாம்பார் சூடாக என் பனியனுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மூக்குக்கு நேரே நாகப்பனின் அக்குள். மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு கையில்லாப் பனியனோடு நின்றான். தலையைத் திருப்பலாம் என்றால் அந்தப் பக்கம் ஒருவர் தும்மிக்கொண்டிருந்தார். எந்த நரகம் தேவலை என்று யோசித்து அக்குளையே தேர்ந்தெடுத்தேன்.

"பிரதாபு, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

"மூச்சை அடக்கிக்கினு இருக்கேன் மேடம். எண்ணூர் வந்தா விடுவேன்."

"எண்ணூர்ல மூச்சு விட்டா கம்பெனிப் பொகை, இத்தவிட பேஜாரு."

அனுப்பம்பட்டில் இன்னும் இருபது பேர் ஏறினார்கள். அவர்களில் ஒருவன் ஏறியதுமே, இவ்வளவு நெரிசலிலும், சுற்றி நின்றவர்கள் ஒரு சாண் ஒதுங்கினார்கள். நீல யூனிஃபார்ம் போட்ட இளைஞன். இரண்டு கையும் முழங்கை வரை தடித்துச் சிவந்து, பிறாண்டிப் பிறாண்டித் தோல் உரிந்து நீர் கசிந்தது. நிறுத்தாமல் பிறாண்டினான். 

"மச்சான், இங்க வா" என்று நாகப்பன் கூப்பிட்டான். பிறகு எங்களிடம், "நம்ம பொண்சாதியோட தம்பி, லோகேஷ். எண்ணூருல கம்பெனி வேலை" என்றான்.

அவன் வராமலே இருந்திருக்கலாம். வந்தான். அந்தக் கை என் சட்டைப் பையை உரசியது.

"கையில இன்னாப்பா இது?" என்றார் மேடம்.

"கம்பெனி கெமிக்கலுக்கா."

"அய்ய, பாவம். இன்னா கம்பெனி?"

"நோட்டு புக்கு பண்றது. நான் பேக்கிங்."

"கணக்கு நோட்டா இருக்கும் மேடம். எனக்கும் அத்தத் தொட்டா அரிக்கும்" என்றேன்.

மேடம் சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை இன்னா ஷிஃப்டு உனக்கு?"

"வியாழக்கிழமை லீவுக்கா" என்று சொல்லிவிட்டு லோகேஷ் மாமனைப் பார்த்தான். நாகப்பன் கூரையிலிருந்த ஃபேனைப் பார்த்தான். ஃபேன் ஓடவில்லை.

மீஞ்சூர் போயிற்று. நந்தியம்பாக்கம் போயிற்று. அத்திப்பட்டு தாண்டியதும் சிக்னல் விழாமல் வண்டி நின்றது. காற்றும் நின்றது. ஜன்னல் வழியாக அனல்மின் நிலையத்துச் சாம்பல் நெடி. யாரோ ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. எங்கே எடுத்தது என்று நான் பார்க்கவில்லை, என் செருப்புக்குத் தெரிந்துவிட்டது.

"நாகப்பா, வியாழக்கிழமை உன் பாடு தானே?" என்றார் மேடம், பொழுது போகாமல் கேட்பவர் போல.

இந்தப் பாடு சங்கதியை எனக்கு வெள்ளிக்கிழமைதான் குப்பத்தில் விளக்கினார்கள். ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார்தான் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. அதுதான் பாடு. ஒருவனுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும். விட்டால் போச்சு. வெளியூர்க்காரன் யாரும் அதில் இறங்கக் கூடாது, இறங்கினால் பாட்டுக்காரன் பெயரையே அடித்துவிடுவார்கள். பெண்டாட்டிக்குப் பிரசவ வலி என்றாலும் பாடு நாளில் ஏரிக்குத்தான் போவான் என்று ஊர்த்தலைவர் மூர்த்தி பெருமையாகச் சொன்னார். வியாழக்கிழமை பாட்டுக்காரர்கள் ஒன்பது பேரின் பெயரையும் சொன்னார். அதில் நாகப்பன் பெயரும் இருந்தது. அதனால்தான், அந்தத் துணியை எடுத்திருக்கக்கூடிய வீட்டு ஆட்களின் பட்டியலில் மேடம் முதலில் அடித்துவிட்ட பெயரும் நாகப்பன்தான்.

"ஆமாக்கா. விடிய விடிய ஏரியில தான்."

"இன்னா வந்துச்சு வலையில?"

"அத்த ஏன் கேக்கற. வலை பூரா சொறிமீனு. ஒம்போது பேருக்கும் அதே கதி. ஒரு எறா தேறலை."

சொறிமீன் என்பது கண்ணாடிக் கூழ் மாதிரி மிதக்கும் ஒரு ஜந்து. பட்ட இடமெல்லாம் தடித்து எரியும். வெள்ளிக்கிழமை தலைவர் வீட்டு வாசலில் வரிசையாக உட்கார்ந்து, கையில் வெள்ளையாக எதையோ குழைத்துப் பூசிக்கொண்டு பிறாண்டிக்கொண்டிருந்த ஆட்களை நானே பார்த்தேன். அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

"பிரதாபு," என்றார் மேடம், "அரை மணி நேரமா உன் மூக்குக்கு எதிர்ல இன்னா கீது?"

"சொல்ற மாதிரி இல்லை மேடம்."

"பார்த்து சொல்லுய்யா."

பார்த்தேன். அக்குள். புஜம். முழங்கை. மணிக்கட்டு. கம்பியைப் பிடித்த விரல்கள். ஒரு தடிப்பு இல்லை, ஒரு கீறல் இல்லை. அடப்பாவி! அரை மணி நேரமாக அருவருப்பில் கண்ணை மூடிக்கொண்டு நின்ற என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும், அதுவும் இப்போதுள்ள செருப்பால்.

"வியாழக்கிழமை வலை தூக்குனவன் எல்லாம் மூணு நாளா தோலை உரிச்சிக்கினு கீறான்" என்றார் மேடம். "உன் கை மட்டும் கல்யாணப் பொண்ணு கையாட்டம் கீது. ஆனா நோட்டு புக்கு பேக் பண்றவன் கை வெந்து பூட்டுக்கீது. இன்னாப்பா லோகேஷ், கம்பெனியில சொறிமீனுக்கு அட்டை போடறீங்களா?"

லோகேஷ் பிறாண்டுவதை நிறுத்தினான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா! மாமாதான், ஆஸ்பத்திரிக்குப் போணும், பாடு வீணாப் பூடும், இருட்டோட எறங்கி வலையைத் தூக்கிடுன்னாரு. நான் வெளியூருக்காரன், வெளிய தெரிஞ்சா அவர் பாட்டையே புடுங்கிடுவாங்கன்னு வாயைத் தொறக்கலை."

"டேய்!" என்றான் நாகப்பன்.

"ஜொரம்னு சொல்லிட்டுப் பாட்டை விட்டிருந்தா யாரும் உன்னைக் கேட்டிருக்க மாட்டாங்க" என்றார் மேடம். "உனக்கு மனசு வரலை."

"பாட்டை எப்டிக்கா வீணாக்கறது!" என்றான் நாகப்பன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. உடனே சுதாரித்துக்கொண்டு, "அதுக்காக நான் ரயில் ஏறுனேன்னு ஆயிடுமா? டாக்டரைப் பார்க்கப் போனேன். எந்தக் கோயில்ல வேணாலும் சத்தியம் பண்றேன். வசந்தா, நீ சொல்லும்மா, உன் அண்ணன் செய்வானா?" என்றான்.

வசந்தா பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ண்ணா," என்றாள். "வியாழக்கிழமை சாயங்காலம், ஆஸ்பத்திரியில எல்லார் காலுலயும் விழுந்துட்டு வந்து படுத்துக் கெடந்தேன். அண்ணி சோறும் எறாக் கொழம்பும் எடுத்தாந்து, வாயில ஊட்டாத குறையா ஊட்டிட்டுப் போச்சு."

"ஆமா. அதுக்கு இன்னா? கூடப் பொறந்தவ பட்டினி கெடக்கலாமா?"

"அன்னிக்கு ஏரி பூரா சொறிமீனு. ஒம்போது வலையிலயும் ஒரு எறா இல்லைன்னு நீயே சொல்ற. தண்ணியில கையால தடவிப் புடிக்கறவங்க வெச்சிருந்த மொத்த எறாவையும் விடியகாலையில நான் வாங்கிட்டேன். ஊர்ல அன்னிக்கு இருந்த எறா எல்லாம் என் பொட்டியில தான். உன் வூட்டுக்கு ஏது எறா?"

வெண்டர் பெட்டியில் தும்மிக்கொண்டிருந்தவர்கூடத் தும்முவதை நிறுத்திவிட்டார்.

எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நசுங்கிய மீனும் வாந்தியும் சாம்பாரும் சேர்ந்து செய்ய முடியாததை இந்த ஆள் செய்துவிட்டான். அவளுடைய நல்ல இறாலைத் திருடி, பெண்டாட்டி கையால் குழம்பு வைத்து, அதையே அவளுக்கு ஆறுதலுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறான். அவளும் அழுதுகொண்டே சாப்பிட்டிருக்கிறாள்.

நாகப்பனின் கை கம்பியிலிருந்து இறங்கியது.

"ரோடு தொறந்ததும் பெரியசாமி புது வண்டி எடுக்கறாரு. டிரைவர் சீட்டு எனக்குன்னாரு. பொட்டியும் அவர்தான் குடுத்தாரு. ரெண்டு பேருக்கு லேசா வயிறு கலக்கும், அவ்ளோதான்னாரு. இவ்ளோ ஆவும்னு எனக்குத் தெரியாது வசந்தா, நைனா மேல சத்தியமா தெரியாது."

"துணி?" என்றார் மேடம்.

"அவ வூட்டுக் கொடியில தொங்குச்சு."

பாட்டை வீணாக்க இவனுக்கு மனசு வரவில்லையாம். கூடப் பிறந்தவளை வீணாக்க வந்திருக்கிறது. தூ! நான் பொது இடத்தில் துப்புகிறவன் இல்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பொன்னேரித் தூண்களின் நியாயம் எனக்குப் புரிந்தது.

வண்டி ஓர் உலுக்கு உலுக்கிக் கிளம்பியது. நாகப்பன் வசந்தாவின் பக்கம் குனிந்தான்.

"ஊர்ல சொல்லிடாதம்மா. வெளியூருக்காரனை எறக்குனேன்னு தெரிஞ்சா பாடு போச்சு. பசங்க என்னா பண்ணும்? அந்தக் குல்லாக்காரன் யாருன்னே தெரியலைன்னு இவங்க சொல்லிடட்டும். நான் தலைவர் கிட்ட உனக்காகப் பேசறேன். உன்னை விட்டுடுவேனா?"

வசந்தா இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சொல்லு வசந்தா" என்றது ஊர்த்தலைவர் மூர்த்தியின் குரல்.

"நான் இல்ல தலைவரே. எங்க அண்ணன் பேசணுமாம்."

நாகப்பன் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டான். அவள் போனை அவன் முகத்திலிருந்து நகர்த்தவில்லை. அவன் பின்னால் நகரப் பார்த்தான். அங்கே மீஞ்சூரில் ஏறிய நாலு கம்பெனி ஆட்கள், மூடிய ரோட்டைவிடக் கெட்டியாக நின்றார்கள்.

"யோவ், பேசுய்யா" என்றார் தும்மல்காரர். "எங்களுக்கு ஸ்டேஷன் வந்துடும்."

பேசினான். கத்திவாக்கம் வந்து போகும் வரைக்கும் பேசினான். குல்லாவைச் சொன்னான், வண்டியைச் சொன்னான், பெரியசாமியைச் சொன்னான். லோகேஷை ஏரியில் இறக்கியதைச் சொல்லும்போது மட்டும் அழுதான். மற்றதற்கு அழவில்லை, நான் கவனித்தேன்.

தலைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "வசந்தா கிட்ட குடு" என்றார்.

"இருக்கேன் தலைவரே."

"சாயங்காலம் கூட்டத்துல நீ முன்னாடி வந்து உக்காரு. அவனையும் பெரியசாமியையும் கூட்டத்துல நிக்க வெச்சிட்டு, அப்புறம் போலீசுல குடுக்கறோம். எங்களை... தப்பா நெனச்சிட்டோம்மா."

"சரி தலைவரே" என்று வைத்துவிட்டாள். அவ்வளவுதான். ஆ ஊ என்று ஒன்றும் இல்லை. போனை இடுப்பில் செருகினாள்.

லோகேஷ் எண்ணூரிலேயே இறங்கி ஓடிவிட்டிருந்தான். சாயங்காலக் கூட்டம் வரைக்கும் நாகப்பன் நழுவிவிடக் கூடாது என்று மேடம் தண்டையார்பேட்டை ஸ்டேஷன் போலீசுக்குப் பேசி முடித்தார். "பிரதாபு, சட்டையை மாத்து. பார்க்கச் சகிக்கலை" என்று எனக்கும் ஒரு வார்த்தை கிடைத்தது.

அன்றைக்கு வசந்தாவிடம் இருந்தது ஒரே ஓர் ஆர்டர்தான். கிறிஸ்டினா என்று ஒரு டீச்சர், இவ்வளவு நடந்த பிறகும், "உன் கையால வாங்கித்தான் பழக்கம், எடுத்துட்டு வா" என்று சொல்லியிருந்தாராம். அந்தப் பெட்டிதான் இது.

தண்டையார்பேட்டை வந்தது. கும்பல் எங்களைப் பிதுக்கி வெளியே துப்பியது. பிளாட்பாரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் எங்களைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தார்கள். வசந்தா முந்தானையைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கக் குனிந்தாள். ஐஸோடு சேர்ந்து நல்ல கனம். பழக்கதோஷமோ, பயமோ, நாகப்பன் ஓடி வந்து குனிந்தான்.

"நான் தூக்கறேம்மா."

"தொடாத," என்றாள் வசந்தா. "அழுவிப் பூடும்."